ஆர்ஆர் 310-ஆ, கிளாசிக் 350-ஆ? தினமும் 48 கிலோமீட்டர் ஓட்டுகிறவன் கேட்கிறேன்

#1 ஊரப்பாக்கத்தான்

வணக்கம். ஒரு வருஷமாக இங்கே எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 27, உயரம் 5 அடி 7. இப்போது ஓட்டுவது அப்பாவின் யூனிகார்ன். 11 வருஷத்து வண்டி, இன்னும் ஒரு குறையும் இல்லை. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது, மீதிக்கு லோன் போடலாம்.

மனசு முழுக்க டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 ஸ்போர்ட்ஸ் பைக். 2017 டிசம்பரில் அது வந்தபோது நான் காலேஜில் இரண்டாம் வருஷம். போன் மூன்று மாற்றிவிட்டேன், வால்பேப்பர் மாறவில்லை. வீட்டில் ஒரே குரலாகச் சொல்வது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350.

என் ஓட்டம் இப்படி: ஊரப்பாக்கத்திலிருந்து வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் ஏறி, கண்டிகை, மாம்பாக்கம் தாண்டி, புதுப்பாக்கத்தில் திரும்பி சிறுசேரி சிப்காட்டில் ஆபீஸ். ஒரு பக்கம் 24 கி.மீ., வாரத்தில் ஐந்து நாள். சனிக்கிழமை காலையில் அம்மாவோடு தாம்பரம் மார்க்கெட். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு. இதுவரை அங்கே வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

டெஸ்ட் ரைடு கேட்டதற்கு ஷோரூமில் சர்வீஸ் ரோட்டில் அரை கிலோமீட்டர் போய்த் திரும்பச் சொன்னார்கள். அதில் என்ன தெரியும்? ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

#2 சிவப்புக்கோடு

ஆர்ஆர் எடுங்க ப்ரோ. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 27 வயதில் வாங்காத ஸ்போர்ட்ஸ் பைக்கை 47-ல் முட்டி வலியோடு வாங்கப் போகிறீர்களா? எட்டு வருஷமாக வால்பேப்பர் வைத்திருக்கிறவருக்கு கிளாசிக் வாங்கிக் கொடுத்தால் ஆறு மாதத்தில் விற்றுவிட்டு வந்து நிற்பார். பார்த்திருக்கிறேன்.

#3 செயின்லூப்

சிவப்புக்கோடு சொல்வதில் பாதி உண்மை. மற்ற பாதிக்கு உடம்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஹேண்டில் தாழ்ந்திருக்கும். ஃபுட்ரெஸ்ட் பின்னால் தள்ளி, உயரத்தில் இருக்கும். உடம்பு தானாக முன்னால் சாயும். அந்தச் சாய்வு வேகத்துக்காகச் செய்தது. 100-க்கு மேல் போய்ப் பாருங்கள், எதிர்க்காற்றே நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கும், மணிக்கட்டில் பாரமே தெரியாது. அதே வண்டியை 30-ல் ஓட்டினால் தாங்குவதற்குக் காற்று கிடையாது. நெஞ்சு, தோள், ஹெல்மெட் போட்ட தலை, இத்தனை பாரமும் இரண்டு உள்ளங்கையில் வந்து உட்காரும். கண்டிகையில் காலை எட்டரை மணிக்கு உங்களுக்கு எந்த வேகம் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

“தொடையால் டேங்கை இறுக்கு, வயிற்றுத் தசையால் உடம்பைத் தாங்கு, கையைத் தளர்த்து” என்று சொல்வார்கள். சரியான பாடம்தான். டிராக்கில் இருபது நிமிஷம் அப்படிச் செய்யலாம். ஆபீஸ் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் செய்ய முடியுமா?

அப்புறம் என்ஜின். ஆர்ஆர் 310-ன் புது மாடலில் 38 பிஎஸ் (குதிரைசக்தி), அது கிடைப்பது 9800 ஆர்பிஎம்மில், அதாவது என்ஜின் நிமிஷத்துக்கு அத்தனை தடவை சுற்றும்போது. கிளாசிக்கில் 20.2 பிஎஸ். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். இதை மட்டும் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் ஷோரூமுக்கு ஓடுகிறார்கள். டார்க்கை, அதாவது இழுக்கிற முறுக்குவிசையைப் பாருங்கள்: ஆர்ஆரில் 29 நியூட்டன் மீட்டர், கிளாசிக்கில் 27. வித்தியாசம் வெறும் இரண்டு. ஆனால் கிளாசிக் தன்னுடையதை 4000 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடும், ஆர்ஆரில் அதற்கு 7900 வரை முறுக்க வேண்டும். ஸ்பீடு பிரேக்கருக்கு ஸ்பீடு பிரேக்கர் போகிறவனுக்கு எது கைக்கு எட்டுகிற இழுவை?

சஸ்பென்ஷனும் இதே கதை. 150 கி.மீ. வேகத்திலிருந்து வளைவுக்காக பிரேக்கை அமுக்கும்போது முன் ஃபோர்க் மொத்தமாக உள்ளே போய்விடக் கூடாது. அதற்காக இறுக்கமாக வைப்பார்கள். அந்த இறுக்கம் நம் ஊர்ப் பள்ளத்தில் முதுகெலும்புக்கு நேராக வந்து சேரும். வண்டியின் மேல் தப்பில்லை. அது எங்கே வேலை செய்யப் பிறந்ததோ அங்கே நாம் அதை ஓட்டுவதில்லை, அவ்வளவுதான்.

#4 பழைய_ஆர்15

அம்மாவைப் பின்னால் உட்கார வைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் பேசுகிறேன், பட்டவன்.

2012-ல் யமஹா ஆர்15 இரண்டாவது வெர்ஷன் வாங்கினேன். 2008-ல் வந்த முதல் வெர்ஷனில் ஒரே நீள சீட். 2011-ல் வந்த இரண்டாவதில் பின் சீட்டைப் பிரித்துத் தூக்கி மேலே வைத்தார்கள். பார்க்க வாலைத் தூக்கிய தேள் மாதிரி அம்சமாக இருக்கும். கல்யாணம் ஆனது. மனைவி முதல் நாள் ஏறி உட்கார்ந்தாள், நான் பிரேக் பிடித்தேன், அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் மோதியது. இரண்டாவது பிரேக்கில் மறுபடியும். கிண்டியிலிருந்து மடிப்பாக்கம் போவதற்குள் எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டே வந்தாள். பதினேழு. வீட்டு வாசலில் இறங்கி, “இனிமே நான் பஸ்ஸிலயே வந்துடுறேன்” என்றாள். கோபமெல்லாம் இல்லை. தகவலாகத்தான் சொன்னாள்.

யமஹாவுக்கும் இது தெரிந்திருக்கிறது. 2015-ல் பழைய மாதிரி ஒரே சீட் போட்டு ஆர்15எஸ் என்று தனியாக ஒன்று விட்டார்கள். 2021-ல் மூன்றாவது வெர்ஷனிலும் அதே வேலையைச் செய்தார்கள். அழகுக்காகப் பிரித்த சீட்டை ஒட்டித் தரச் சொல்லிக் கேட்க அவ்வளவு குடும்பஸ்தர்கள் இருந்திருக்கிறோம்.

உங்கள் அம்மா சேலை கட்டி ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்காருகிறவரா? அப்படியென்றால் ஷோரூமுக்கு அவரையும் கூட்டிப் போங்கள். ஸ்டாண்டு போட்ட வண்டியில் ஏறச் சொல்லிப் பார்த்தாலே பாதி பதில் வந்துவிடும்.

#5 சிவப்புக்கோடு

ஒரு நிமிஷம். ஆர்15 மூன்றாவது வெர்ஷனிலோ கேடிஎம் ஆர்சி 390-யிலோ குனிகிற மாதிரி ஆர்ஆரில் குனிய வேண்டாம். ஹேண்டில் அந்த அளவுக்குத் தாழ்வு கிடையாது. ஆர்டர் கொடுக்கும்போதே ரேஸ் கிட் கேட்டால்தான் ஹேண்டிலை இன்னும் இறக்கி, ஃபுட்ரெஸ்ட்டை இன்னும் ஏற்றித் தருவார்கள். அதைக் கேட்காமல் வாங்கினால் போதும். ரெயின், அர்பன், ஸ்போர்ட், டிராக் என்று நாலு மோடு வேறு இருக்கிறது. ஊருக்குள் அர்பனில் போட்டால் சமர்த்தாகப் போகும். எல்லா ஸ்போர்ட்ஸ் பைக்கையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

#6 செயின்லூப்

ஒத்துக்கொள்கிறேன், ஆர்சி அளவுக்கு இல்லை. ஆனால் மோடு மாற்றினால் என்ஜின்தான் அடங்கும், ஹேண்டில் உயராது.

#7 புதுப்பேட்டை_ஸ்பேனர்

மெக்கானிக் பக்கத்திலிருந்து ரெண்டு வார்த்தை. எனக்கு எந்த வண்டி வாங்கினாலும் லாபம்தான், அதனால் நடுநிலையாகச் சொல்வேன்.

ஃபேரிங் வண்டி, அதாவது ஆர்ஆர் மாதிரி முன்பக்கமும் பக்கவாட்டும் பிளாஸ்டிக் பேனலால் மூடிய வண்டி, ஓடிக் கெடுவதை விட நின்று கெடுவதுதான் அதிகம். ஆபீஸ் பார்க்கிங்கில் பக்கத்து ஸ்கூட்டர்காரர் ரிவர்ஸ் எடுக்கிறார், உங்கள் வண்டி சைடு ஸ்டாண்டிலிருந்து மெதுவாகச் சாய்கிறது. கிளாசிக் என்றால் கிராஷ் கார்டில் ஒரு கீறல், துடைத்துவிட்டுப் போவீர்கள். ஃபேரிங் வண்டியில் வெளியே சின்னக் கீறல்தான் தெரியும், உள்ளே பேனலைப் பிடிக்கும் காது ரெண்டு உடைந்திருக்கும். காது மட்டும் தனியாகக் கிடைக்காது, பேனலே வாங்க வேண்டும். ஒட்டித் தருகிறேன் என்று சொல்கிறவர்களிடம் கொடுத்தால் ஒரு மழைக்காலம் தாங்கும், அப்புறம் கடகடவென்று சத்தம். உடைந்த காதுகளையே ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், வாடிக்கையாளர்களுக்குக் காட்ட.

ஆயில் ஃபில்டர் மாற்றுவதற்குக் கூட சில வண்டியில் பேனலைக் கழற்ற வேண்டும். கழற்றி மாட்ட நேரம், நேரத்துக்குக் கூலி.

விலையில் ஒரு விஷயம் உங்களுக்குச் சாதகம். ரெண்டுமே 350 சிசிக்குள். 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. புது வண்டிக்குக் கட்டாயமாகக் கட்டும் ஐந்து வருஷ மூன்றாம் நபர் காப்பீடும் 2022-ல் வைத்த கட்டணப்படி 350 சிசி வரை 7,365 ரூபாய், தாண்டினால் 15,117. அதனால் 373, 398 சிசி என்று பக்கத்து ஷோரூமில் எட்டிப் பார்ப்பதற்கு முன் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

#8 இருசக்கரக்காரி

கிளாசிக்கை எல்லோரும் மெத்தை மாதிரி பேசுகிறார்கள். என் உயரம் 5 அடி 2. ரெண்டையும் ஓட்டியிருக்கிறேன். சீட் உயரம் ஆர்ஆரில் 810 மில்லிமீட்டர், கிளாசிக்கில் 805. வித்தியாசமே இல்லை. எடை என்ன தெரியுமா? ஆர்ஆர் 174 கிலோ, கிளாசிக் 195. சரிவான பார்க்கிங்கில் கிளாசிக்கைப் பின்னால் தள்ளி எடுத்துப் பாருங்கள், “சௌகரியமான வண்டி” என்ற பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஆர்ஆர் மாதிரி வண்டிகளில் எனக்குக் கஷ்டம் வேறு இடத்தில். யூ டர்ன். ஹேண்டில் கொஞ்சம்தான் திரும்பும், அதற்கு மேல் திருப்பினால் கட்டைவிரல் டேங்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் சிக்கும். ஓஎம்ஆரில் எங்கே பார்த்தாலும் யூ டர்ன். பின்னால் தண்ணி லாரி ஹாரன் அடிக்க, முன்னே பின்னே தள்ளித் திரும்புகிற சுகம் தனி.

வண்டி தேர்வு செய்கிறவர்கள் நேராகப் போவதை மட்டும் யோசிக்கிறார்கள். திரும்புவது, தள்ளுவது, நிறுத்துவது, மழையில் காலை ஊன்றுவது, இதெல்லாம்தான் ஒரு நாளில் பாதி.

#9 கொங்கு_ரைடர்

டிராக் பற்றி ஒருத்தரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில்தான் பழகினேன். இருங்காட்டுக்கோட்டைக்கு ஐந்தாறு தடவை வந்திருக்கிறேன்.

முதலில் கணக்கு. இருங்காட்டுக்கோட்டை டிராக் ஒரு சுற்று 3.717 கி.மீ., 12 வளைவு. புதிதாக வருகிறவர் பதற்றத்தில் இரண்டரை நிமிஷம் எடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். இருபது நிமிஷத்தில் எட்டுச் சுற்று, 30 கி.மீ. ஒரு நாளில் ஐந்து தடவை விட்டால் 150. வருஷத்துக்கு இரண்டு நாள் போனால் 300. நீங்கள் ஆபீஸுக்கு மட்டும் மாதத்துக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறீர்கள். 300 கிலோமீட்டருக்காகப் பன்னிரண்டாயிரத்தைக் குனிந்து ஓட்டப் போகிறீர்களா என்பதுதான் என் கேள்வி.

அடுத்தது, டிராக்குக்குப் போக டிராக் வண்டி தேவையில்லை. நான் முதலில் போனது ஜிக்ஸர் 150-ல். சின்ன வண்டியில்தான் பாடம் ஒழுங்காக ஏறும். பெரிய வண்டியில் வளைவில் தப்புப் பண்ணினாலும் வெளியே வந்து ஆக்ஸிலரேட்டரை முறுக்கி நேரத்தை மீட்டுக்கொள்ளலாம், தப்பு தெரியாது. 150-ல் வளைவுக்குள் இழந்த வேகம் அடுத்த வளைவு வரை திரும்பக் கிடைக்காது. நேர்கோட்டில் ஒருத்தன் பக்கத்தில் வந்து, தாண்டி, சின்னப் புள்ளியாகிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அப்படி நாலு தடவை பார்த்தால் கண்ணை எங்கே வைக்க வேண்டும், பிரேக்கை எப்போது விட வேண்டும் என்று தானாக வரும்.

நான் போன ஒரு பயிற்சியில் வண்டி, லெதர் சூட் எல்லாம் வாடகைக்கே கொடுத்தார்கள். விழுந்தால் அவர்கள் சொல்லும் தொகையைக் கட்ட வேண்டும், கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். சொந்த வண்டியில் போனால் இன்னொன்றைக் கவனியுங்கள்: பாலிசித் தாளில் சின்ன எழுத்தில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் காப்பீடு செல்லாது என்று இருக்கும். எடுத்துப் படியுங்கள். டிராக்கில் விழுந்துவிட்டு, “ஆபீஸ் போகும்போது விழுந்தேன்” என்று சொல்கிற ஆட்களும் உண்டு. நான் அந்த வழியைச் சொல்லமாட்டேன்.

டயரும் அப்படித்தான். டிராக்குக்கான மென்மையான டயர் சூடேறினால்தான் பிடிக்கும். ஆபீஸ் போகிற வேகத்தில் அது சூடேறவே ஏறாது, ஆனால் தேய்ந்துபோகும். நடுவில் தட்டையாகத் தேய்ந்து, ஓரத்தில் புது ரப்பரின் முடியோடு நிற்கும் டயரை எத்தனை ஸ்போர்ட்ஸ் பைக்கில் பார்த்திருக்கிறேன்!

#10 சோழவரத்தார்

தம்பிகள் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயது 63. இந்தச் சண்டை உங்களுக்குப் புதுசு, எங்களுக்குப் பழசு.

இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது 1990-ல். அதற்கு முன்னால் பந்தயமெல்லாம் சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில். வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நாள் பூராவும் நின்று பார்ப்போம். அங்கே பார்த்துவிட்டு வந்த சூட்டில் 1985-ல் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. எனக்கும் தம்பிக்கும் ஒரே வருஷத்தில் வேலை கிடைத்தது. ஆளுக்கொரு வண்டி. எங்கள் கண்ணில் நின்றது ரெண்டு: திருவொற்றியூரில் செய்த புல்லட், இல்லையென்றால் 83-ல் வந்த ராஜ்தூத் 350. ஆர்டி என்றுதான் சொல்வோம். ரெட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலைக் குடிக்காது, கொட்டிக்கொள்ளும்.

நான் புல்லட் எடுத்தேன், தம்பி ஆர்டி எடுத்தான். அவன் சம்பளத்தில் கால் பங்கு பெட்ரோல் பங்க்குக்குப் போனது. ஸ்பேருக்கு ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்குவான். நாலு வருஷத்தில் விற்றுவிட்டான். என் புல்லட் பதினெட்டு வருஷம் ஓடியது. கல்யாணம், ரெண்டு பிள்ளைகள், காஸ் சிலிண்டர், எல்லாம் அதில்தான்.

இதுவரை நான் சொன்னது புல்லட் பக்கத்துக்குச் சாதகம். இப்போது இதையும் கேளுங்கள். தம்பி இன்றைக்கும் எந்தக் கல்யாண வீட்டில் நாலு பேர் கிடைத்தாலும் ஆர்டியைப் பற்றித்தான் பேசுகிறான். எந்த கியரில் எந்தச் சத்தம் என்று வாயாலேயே ஓட்டிக் காட்டுவான். நான் புல்லட்டைப் பற்றி யாரிடமும் பேசினதாக ஞாபகம் இல்லை, இன்றைக்கு இங்கே எழுதியதைத் தவிர.

#11 சிவப்புக்கோடு

ஐயா, காலில் விழுகிறேன்.

#12 ஜூரோங்_குமரன்

சிங்கப்பூரிலிருந்து. இங்கே லைசென்ஸே வண்டியைத் தேர்வு செய்துவிடும். முதலில் 2பி, 200 சிசி வரைதான். ஒரு வருஷம் கழித்துத்தான் 400 சிசி வரைக்கான 2ஏ-க்குப் போகலாம். அதனால் பாதிப் பேர் ஆரம்பிப்பது ஆர்15-ல். நானும் அப்படித்தான். சாலை கண்ணாடி மாதிரி, பள்ளம் கிடையாது. அப்படியும் மலேசியா எல்லையில் உட்லண்ட்ஸ் செக்பாயிண்ட் வரிசையில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தபோது இடது கை விறைத்துப் போய், கிளட்ச் பிடிக்கிற விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். ரோடு நன்றாக இருந்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஊர்வதுதான் பிரச்சினை.

#13 கொல்லிமலைக்காரன்

மலைக்கு ஸ்போர்ட்ஸ் பைக்தான் சூப்பர் என்று யாராவது வந்து சொல்வதற்கு முன் நான் முந்திக்கொள்கிறேன். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது எல்லா வண்டியும் சூப்பர்தான். இறங்கும்போது ஒவ்வொரு பிரேக்குக்கும் உடம்பு முழுக்க முன்னால் சரியும், தாழ்ந்த ஹேண்டிலில் அது மொத்தமும் மணிக்கட்டுக்கு. போன வருஷம் நண்பனின் ஆர்சியை வாங்கி இறங்கினேன். நாற்பதாவது வளைவில் நிறுத்தி, கல்லில் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எக்ஸ்எல்-லில் பலாப்பழ மூட்டை கட்டி இறங்கிக்கொண்டிருந்த பெரியவர், “என்ன தம்பி, வண்டி ரிப்பேரா?” என்றார்.

#14 ஊரப்பாக்கத்தான்

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சோழவரத்தார் ஐயா எழுதியதை அப்பாவிடம் காட்டினேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

ஒரு காரியம் செய்தேன். ஆபீஸில் ஒருத்தரிடம் ஆர்ஆர் இருக்கிறது. வெள்ளி சாயங்காலம் என் யூனிகார்னை அவரிடம் கொடுத்துவிட்டு, அதை வாங்கிக்கொண்டு வந்தேன். திங்கள் காலை அதிலேயே ஆபீஸ்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். வெள்ளி சாயங்காலம் சிப்காட் கேட்டை விட்டு வெளியே வந்தபோது எனக்கு உலகமே வேறு மாதிரி இருந்தது. டீக்கடையில் நின்ற ரெண்டு பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹெல்மெட்டுக்குள் நானே சிரித்துக்கொண்டிருந்தேன். புதுப்பாக்கம் தாண்டி ரோடு காலியாக இருந்த இடத்தில் கொஞ்சம் முறுக்கினேன். செயின்லூப் சொன்ன மாதிரியே காற்று வந்து நெஞ்சைத் தாங்கியது, கையில் பாரம் காணாமல் போனது. இதைப் படித்தபோது நம்பவில்லை. வண்டி கையில் எழுதுகிற பேனா மாதிரி இருந்தது. எங்கே பார்க்கிறேனோ அங்கே போகிறது.

திங்கள் காலை வேறு கதை. ஸ்பீடு பிரேக்கர்களை எண்ணிக்கொண்டே போனேன், ஆபீஸ் போய்ச் சேர 31. யூனிகார்னில் இத்தனை இருப்பதே எனக்குத் தெரியாது. கண்டிகையில் பள்ளி வேன்களுக்கு நடுவே முதல் கியர், அரை கிளட்ச், முதல் கியர், அரை கிளட்ச். இருபதாவது நிமிஷத்தில் உள்ளங்கையில் கட்டைவிரலின் அடிச்சதை எரிய ஆரம்பித்தது. மாம்பாக்கத்தில் சுண்டுவிரல் மரத்தது. ரியர் வியூ கண்ணாடியில் பாதிக்கு என் முழங்கைதான் தெரிகிறது. சிறுசேரியில் யூ டர்ன் எடுத்தபோது இருசக்கரக்காரி சொன்ன அதே கட்டைவிரல், அதே டேங்க். தண்ணி லாரிக்குப் பதில் ஆபீஸ் பஸ். லேப்டாப் பை முதுகில் இருந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன், குனிந்து உட்கார்ந்தால் அது நழுவி ஹெல்மெட்டின் பின்பக்கம் வந்து முட்டுகிறது. சீட்டில் உட்கார்ந்து லாகின் பண்ணியபோது பாஸ்வேர்டு ரெண்டு தடவை தப்பாகப் போனது, விரல் சரியாக விழவில்லை.

சனிக்கிழமையை விட்டுவிட்டேனே. அம்மா வண்டியைச் சுற்றி ஒரு தடவை வந்தார். பின் சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார். “இதுல மார்க்கெட் பையை வேணா வை, நான் ஷேர் ஆட்டோல வந்துடறேன்” என்றார்.

ஆனால் கிளாசிக்கும் இப்போது மனசுக்கு வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஐந்து நிமிஷத்தை மறக்க முடியவில்லை. குழப்பம் குறையவில்லை, கூடிவிட்டது.

#15 செயின்லூப்

கூடவில்லை, தெளிந்திருக்கிறது. உங்களுக்கு வேண்டியது அந்த என்ஜினும் அந்தத் திரும்புதலும். வேண்டாதது அந்த ஹேண்டிலும் அந்த ஃபேரிங்கும். அப்பாச்சி ஆர்டிஆர் 310 இருக்கிறதே, அதை ஏன் பார்க்கவில்லை? 2023 செப்டம்பரில் வந்தது. ஆர்ஆரின் அதே 312 சிசி என்ஜின், அகலமான ஹேண்டில், நிமிர்ந்த உட்காருதல். 35.6 பிஎஸ், 28.7 நியூட்டன் மீட்டர், அதுவும் 6650-லேயே கிடைக்கும். எடை 169 கிலோ, சீட் உயரம் 800. டிராக்குக்கும் கொண்டு போகலாம். நேர்கோட்டில் காற்று நெஞ்சில் அறையும், வளைவில் ஒரு குறையும் தெரியாது.

குறையும் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் 100-க்கு மேல் அரை மணி நேரம் போனால் காற்றோடு மல்லுக்கட்டிக் கழுத்து வலிக்கும். அங்கே ஆர்ஆர்தான் சௌகரியமான வண்டி. மாதம் ஒரு தடவை சொந்த ஊருக்கு 400 கிலோமீட்டர் போகிற ஆளாக நீங்கள் இருந்தால் என் பதிலே மாறியிருக்கும்.

#16 புதுப்பேட்டை_ஸ்பேனர்

யூனிகார்னை மட்டும் விற்காதீர்கள். மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஷோரூம் எக்ஸ்சேஞ்சில் அதற்குக் கொடுக்கும் காசில் நல்ல ஹெல்மெட் கூட வராது.

#17 சிவப்புக்கோடு

நடுவில் ஒரு வண்டியைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டீர்களா? நேக்கட் பைக், ஃபேரிங் இல்லாத வண்டி, நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் ப்ரோ, எட்டு வருஷ வால்பேப்பரில் இருப்பது ஆர்டிஆர் இல்லை. அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பார்க்கிங்கில் பக்கத்தில் ஆர்ஆர் நிற்கும்போது கண்ணை எங்கே வைப்பீர்கள்?

#18 ஊரப்பாக்கத்தான்

ஏழு வாரம் கழித்து வருகிறேன். ஆர்டிஆர் 310 எடுத்துவிட்டேன். 1,900 கி.மீ. ஆகிவிட்டது, முதல் சர்வீஸ் முடிந்தது. யூனிகார்ன் வீட்டிலேயே இருக்கிறது, அப்பா அதைத் துடைத்து வைத்திருக்கிறார். மழை முடிந்ததும் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு நாள் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கொங்கு_ரைடர் அண்ணா, லெதர் சூட் அளவு பார்ப்பது எப்படி என்று தனியாகக் கேட்கிறேன்.

ஆபீஸ் போய் இறங்கினால் கை என் கையாகவே இருக்கிறது. பாஸ்வேர்டு முதல் தடவையிலேயே சரியாகப் போகிறது. இன்ஜின் சூடு மட்டும் நெரிசலில் தொடையில் தெரிகிறது, மே மாதம் எப்படி இருக்குமோ. முதல் டேங்க் முழுக்க மைலேஜ் பார்த்து மனசு உடைந்தது, இப்போது பார்ப்பதை நிறுத்திவிட்டேன். சிவப்புக்கோடு கேட்டதற்குப் பதில்: ஆமாம், அந்த நண்பரின் ஆர்ஆர் நிற்கும்போது திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். தினமும்.

அம்மா போன சனிக்கிழமை ஏறினார். ஒரு பக்கமாக உட்கார்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, தாம்பரம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அந்தப் பையனோட வண்டியில முன்னாடி எல்லாம் மூடியிருந்துச்சே. முழு வண்டி வாங்க பணம் பத்தலையாப்பா? என்கிட்ட கேட்டிருக்கலாம்ல.”

#19 சிவப்புக்கோடு

அம்மா ஒருத்தர்தான் என் கட்சி.